மேகதாது நீர்த்தேக்கமும் மேட்டூர் நீர்வரத்தும்

காவிரியின் குறுக்கே மேகதாதுவில் கர்நாடக அரசு கட்டத் திட்டமிட்டுள்ள நீர்த்தேக்கம் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். "அணை வந்தால் தண்ணீரே வராது" என்பாரும் உண்டு, "ஆண்டுக்கு வரவேண்டிய அளவு வந்துவிட்டால் நமக்கு என்ன நட்டம்?" என்று கேட்பாரும் உண்டு. இவ்விரண்டும் முழு உண்மை அல்ல. நெற்பயிருக்கு நீரின் அளவைப் போலவே அது வந்து சேரும் காலமும் முக்கியம். நீர்த்தேக்கம் முதலில் மாற்றுவது இந்தக் காலத்தைத்தான்.

டி.எம்.சி. என்றால் எவ்வளவு?

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. ஆற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 11,570 கன அடி வீதம் ஒரு பகலும் ஓர் இரவும் ஓடினால் அது ஒரு டி.எம்.சி. ஆகும். அந்நீரைச் சுமார் 22,950 ஏக்கரில் ஓர் அடி உயரத்திற்கு நிறுத்தலாம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மேகதாதுவில் திட்டமிட்டுள்ளது 67.16 டி.எம்.சி. அதாவது, மேட்டூரின் கொள்ளளவில் முக்கால் பங்கிற்குச் சற்றே குறைவு.

இன்று நீர் வரும் வழி

கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறந்துவிடும் நீர் மட்டுமே மேட்டூருக்கு வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வணைகளுக்குக் கீழே பெய்யும் மழையும் சிம்சா, அர்க்காவதி போன்ற துணையாறுகள் வழியாகக் காவிரியில் கலக்கிறது. இதைத் தேக்கிவைக்கும் பெரிய அணை எதுவும் அங்கிருந்து மேட்டூர் வரை காவிரியில் இல்லை. ஆகவே அது பிலிகுண்டுலு அளவை நிலையத்தையும் ஒகேனக்கல்லையும் கடந்து மேட்டூரை அடைகிறது.

மேகதாது, அர்க்காவதி கலக்கும் இடத்திற்குச் சற்றுக் கீழே உள்ளது. அங்கே அணை எழுந்தால், மேலணைகள் விடும் நீரும் இடையில் சேரும் மழைநீரும் அந்த அணையைத் தாண்டியே வரவேண்டும்.

நீர் எங்கே போகும்?

தேங்கும் நீரில் ஒரு பகுதி ஆவியாகும். 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்று திட்டம் கூறுகிறது. மின் உற்பத்திக்குச் செல்லும் நீர் அழிவதில்லை. மீண்டும் ஆற்றுக்கே வரும். வெள்ளக் காலத்தில் தேக்கம் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கவும் செய்யும்.

சிக்கல் எழுவது பற்றாக்குறை ஆண்டில். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் வரவேண்டும். இதில் ஜூன் மாதத்திற்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டி.எம்.சி. என்பது மாதக் கணக்கு. ஜூன், ஜூலை இரண்டும் சேர்ந்தால் 40.43 டி.எம்.சி. மேகதாதுவின் கொள்ளளவோ இதைப்போல் ஒன்றரை மடங்கிற்கும் மேல். நல்ல மழை ஆண்டில் உபரி நீரைக் கொண்டே அது நிரம்பிவிடும். மழை குறைந்த ஆண்டில் தொடக்கத்திலேயே நிரப்ப முற்பட்டால் குறுவைக்கான நீர் பின்தள்ளிப் போகும்.

மாதக் கணக்குப்படி நீர் விடுவோம் என்பது கர்நாடகத்தின் வாதம். இன்று தடையின்றி வரும் நீர் தடுக்கப்படும் என்பது தமிழ்நாட்டின் வாதம். எப்போது நிரப்புவது, பற்றாக்குறையில் எப்போது திறப்பது, அதை யார் கண்காணிப்பது என்ற விதிகளைப் பொறுத்தே கடைமடை உழவரின் நன்மை தீமை அமையும். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், திட்டம் அறிக்கை நிலையிலேயே இருப்பதால் தமிழ்நாட்டின் மனு காலத்திற்கு முந்தியது என்று கூறியது.

காலம் தவறினால்

2023-இல் மேட்டூர் அணை வழக்கம்போல் ஜூன் 12-இல் திறக்கப்பட்டது. பிறகு பருவமழை பொய்த்து வரத்துக் குறைந்தது. கடைமடையில் குறுவைப் பயிர் கருகியது. 2024-இல் அணை ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. குறுவை நெல் 105 முதல் 115 நாள் பயிர். கதிர் உருவாகும் பருவம் முதல் பூக்கும் பருவம் முடிய வயல் காய்ந்தால், பின்னர் எவ்வளவு நீர் விட்டாலும் இழந்த மணிகள் திரும்பா.

உழவர்கள் செய்யத்தக்கவை

1. அணை திறக்கும் நாளை மட்டும் நம்பி நாற்று விடாதீர்கள். மேட்டூரின் நீர் இருப்பு, தினசரி வரத்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

2. ஆழ்குழாய்க் கிணறு உள்ள இடங்களில் பலர் சேர்ந்து பொது நாற்றங்கால் அமையுங்கள்.

3. ஆற்றுநீரை மட்டுமே நம்பும் நிலத்தில், திறப்பு ஜூலை இறுதிக்குத் தள்ளிப் போனால் குறுவையைக் கைவிட்டு ஒரே போகச் சம்பாவுக்கு ஆயத்தமாகுங்கள்.

4. நட்ட பயிர் வேரூன்றிய பின், கட்டிய நீர் மறைந்ததும் மறுபடி நீர் கட்டுங்கள். மிச்சமாகும் நீரைப் பூக்கும் பருவத்திற்கு ஒதுக்குங்கள்.

அணை பற்றிய பேச்சு வரும்போது, "ஆண்டுக்கு எவ்வளவு?" என்பதோடு "எந்த மாதத்தில் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். பயிரைக் காப்பது இரண்டாவது கேள்விக்கான விடையே.