எழுத்தில் இல்லாத நரி

ரோசி என்ற பெட்டைக்கோழி பண்ணையைச் சுற்றி உலாவிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குள் கூடு திரும்புகிறது. இங்கிலாந்துக்காரரான பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளியான 'ரோசீஸ் வாக்' புத்தகத்தின் கதை இவ்வளவுதான். ஆங்கிலத்தில் மொத்தம் 32 சொற்கள், ஒரே வாக்கியம்.

படங்களைப் பார்த்தால் கதையே வேறு! கோழிக்குப் பின்னால் ஒரு நரி பதுங்கிப் பதுங்கி வருகிறது. பாயும்போதெல்லாம் அதற்குத்தான் அடி. வைக்கோல் வாரும் கோல் நிமிர்ந்து மூக்கில் மோதுகிறது, நரி குளத்தில் விழுகிறது, தலையில் மாவு கொட்டுகிறது, கடைசியில் தேனீக்கள் விரட்டுகின்றன. எழுத்திலோ நரியைப் பற்றிப் பேச்சே இல்லை.

வகுப்பறையில் இந்தப் புத்தகத்தை வைத்து ஒரு வாரம் ஓட்டலாம். முதல் நாள், படத்தைக் காட்டாமல் வரிகளை மட்டும் வாசிக்க வேண்டும். 'அவ்வளவுதானா?' என்று பிள்ளைகள் கேட்ட பிறகு படங்களைக் காட்டினால், நரியைக் கண்டுபிடித்த பெருமை அவர்களுக்கே. நரி பாயும் பக்கத்தில் நிறுத்தி, 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேட்கலாம். விடைக்கான தடயம் அதே படத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையும் இங்கே முந்திக்கொண்டு பதில் சொல்லும்.

மறுநாள் கரும்பலகையில் பண்ணையை வரைந்து, ரோசி போன வழியைச் சாக்பீஸால் இழுக்கலாம். பிறகு, துண்டுக் காகிதத்தில் நரியின் வசனங்களை எழுதிப் படத்தருகே ஒட்டலாம். தேனீக்களிடம் தப்பி வந்த நரி வீட்டில் என்ன சொல்லியிருக்கும்? அதை நடித்தே காட்டலாம்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. உளவியலாளர் அபிகெயில் ஹவுசனும், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவை நடத்திய பிலிப் யெனவைனும் ஓவியம் பார்க்க வருபவர்களுக்காக மூன்று கேள்விகளை வகுத்தார்கள். இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் முக்கியம். வாய்க்கு வந்ததைச் சொன்ன பிள்ளை, மறுபடி படத்துக்குள் போய் ஆதாரம் தேடும்.

கதையைப் படத்திடமே ஒப்படைக்கும் இன்னொரு புத்தகம், மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963). அதில் படங்கள் பக்கத்துக்குப் பக்கம் பெரிதாகிக்கொண்டே போகும். பூதங்கள் கும்மாளமிடும் இடத்தில் படம் இரண்டு பக்கங்களையும் நிரப்பிவிடும். அடுத்தடுத்து மூன்று இரட்டைப் பக்கங்களில் ஓர் எழுத்துகூட இருக்காது. அங்கே ஆசிரியர் வாசிக்க எதுவுமில்லை. புத்தகத்தை உயர்த்திப் பிடித்தால் போதும். பெஞ்சைத் தட்டி ஊளையிடும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.