முடக்கத்தானுக்கு ரம்புட்டான் என்ன உறவு?

மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் ஏறுகிறவர்கள் கல்லாற்றிலோ பர்லியாரிலோ வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். சீசன் நேரத்தில் அங்கே சாலையோரக் கடைகளில் கருஞ்சிவப்பு மங்குஸ்தான், மயிர் சிலிர்த்த ரம்புட்டான், முள் போர்த்திய துரியன், ஐந்து விளிம்பு வைத்த நட்சத்திரப்பழம், பச்சைப் பளபளப்பில் பட்டர் ஃப்ரூட் எல்லாம் குவிந்திருக்கும். "ஏனுங்க, இதை எப்படிங்க சாப்பிடறது?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குக் கடைக்காரர் பதில் சொல்லிவிடுவார். கூடவே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி உண்டு: இது எந்தக் குடும்பம்?

புது ஆள் ஒருவர் வந்தால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதுபோல, பழத்தையும் அதன் தாவரக் குடும்பத்தை வைத்து விசாரிக்கலாம். எந்தப் பகுதியைத் தின்பது, வீட்டில் வைத்தால் கனியுமா, யாருக்கு ஆகாது என்று பல விவரங்கள் அந்த விசாரணையில் வெளிவரும்.

முதலில், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைகிற பழங்கள் இங்கே எப்படி வந்தன? பர்லியார் அரசுத் தோட்டக்கலைப் பண்ணை 1871-இலும், கல்லாறு பண்ணை 1900-இலும் தொடங்கப்பட்டவை. கோவைச் சமவெளி மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டர் அளவில்தான் மழை. ஆனால் நீலகிரியின் இந்தச் சரிவில் மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது, ஓடைகள் ஈரம் தருகின்றன, ஊட்டியைப்போல உறைபனியும் இல்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இந்த மிகச் சிறிய பட்டைதான் மங்குஸ்தானுக்கும் ஜாதிக்காய்க்கும் கிராம்புக்கும் ஏற்றதாக அமைந்தது.

மங்குஸ்தான் ஒன்றைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிறு பூவைப்போல ஒரு தழும்பு இருக்கும். அதன் இதழ்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால் உள்ளே ஆறு சுளை. ஏழு இருந்தால் ஏழு. அந்தத் தழும்பு, பூவாக இருந்தபோது அதன் உச்சியில் இருந்த சூல்முடியின் மிச்சம். சூல்முடியின் மடல்கள் எத்தனையோ, சூலகத்தின் அறைகளும் அத்தனை. ஒவ்வோர் அறையும் ஒரு சுளையாகிறது. தோலை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் பழம் பழையது அல்லது அடிபட்டது. தோலின் கருஞ்சிவப்புச் சாறு பருத்திச் சட்டையில் பட்டால் எளிதில் போகாது.

இந்த மரத்தின் பெரிய விந்தை அதன் விதையில் இருக்கிறது. மங்குஸ்தான் பூவில் வளமான மகரந்தம் இல்லை. கருவுறுதல் நடக்காமலே, தாயின் திசுவிலிருந்தே கரு உருவாகிறது. ஆகவே ஒவ்வொரு கன்றும் தாயின் நகல். கலப்பு செய்து புது ரகம் உண்டாக்கும் வழக்கமான வழி இதனால் அடைபட்டுப்போகிறது. விதை காய்ந்தால் செத்துவிடும் என்பதால் நெல்லைப்போல மூட்டை கட்டி வைக்கவும் முடியாது. நட்டபின் காய்ப்புக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். ஒன்றரை நூற்றாண்டாகப் பக்கத்திலேயே விளைந்தும் இந்தப் பழம் நம் வீடுகளுக்கு அரிதாகவே இருப்பதற்கும், விலை இறங்காததற்கும் இவை முக்கியக் காரணங்கள். மீன்குழம்புக்குப் போடும் குடம்புளி இதன் நெருங்கிய உறவு.

அடுத்தது துரியன். வெட்டிய துரியன் இருக்கும் இடம் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். சிங்கப்பூரில் ரயிலுக்குள் இதைக் கொண்டுபோகத் தடை உண்டு. அந்த நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். 2017-இல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள் துரியனின் மரபணுத் தொகுதியை முழுவதுமாகப் படித்து வெளியிட்டார்கள். அதில் சுமார் 46,000 ஜீன்கள் இருந்தன. ஆவியாகும் கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் ஒரு வகை ஜீன் துரியனில் பல பிரதிகளாகப் பெருகியிருக்கிறது. பழம் கனியும் நேரத்தில் அது முழுவீச்சில் இயங்குகிறது. காட்டில் அந்த நெடி விலங்குகளை வரவழைக்கிறது. பழத்தைத் தின்று விதையைப் பரப்ப ஆள் கிடைக்கிறது.

இத்தனை அந்நியமாகத் தெரியும் இந்தப் பழத்தின் சொந்தக்காரர்கள் யார்? பருத்தி, வெண்டை, இலவம்பஞ்சு மரம், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோ. எல்லாம் ஒரே குடும்பம். இலவத்தைப்போலவே துரியன் பூவும் இரவில் மலர்கிறது. வௌவால்கள்தான் மகரந்தம் சுமக்கின்றன. பருத்தியால் வளர்ந்த கோவைக்குத் துரியன் அப்படியொன்றும் அயல் இல்லை.

துரியன் தின்றால் பிள்ளைப்பேறு கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கே வலுவாக இருக்கிறது. அதனாலேயே ஒரு பழத்துக்கு ஏராளமாகப் பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. அதன் பலன் மனிதர்களிடம் முறையான ஆய்வில் நிறுவப்படவில்லை. ருசிக்காகத் தாராளமாகத் தின்னலாம். குழந்தைப்பேற்றுக்கு மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

ரம்புட்டான் நம் முடக்கத்தான் கீரைக்கும் தலைக்குத் தேய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் உறவு. லிச்சியும் இந்தக் குடும்பம்தான். பறித்தபின் இது மேலும் கனியாது. ஆகவே நன்றாகச் சிவந்ததையே வாங்க வேண்டும். மயிர்கள் கறுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் வற்றிவிட்டது என்று பொருள். இந்தக் குடும்பத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பீகாரின் முசாபர்பூரில் குழந்தைகளைத் தாக்கிய மூளைப் பாதிப்பை 2014-இல் ஆராய்ந்தபோது, இரவு உணவு இல்லாமல் லிச்சி தின்ற பிள்ளைகளுக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியது தெரியவந்தது. பழத்தில் இயல்பாக உள்ள சில நச்சுப்பொருள்கள் உடல் சர்க்கரையைத் தயாரிப்பதைத் தடுத்திருந்தன. பசித்த வயிற்றில் பிள்ளைகளுக்கு லிச்சியைக் கொடுக்காதீர்கள்.

நட்சத்திரப்பழம் புளியாரைக் கீரையின் சொந்தம். இரண்டிலும் புளிப்பு தருவதில் ஆக்ஸாலிக் அமிலத்துக்குப் பங்கு உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள், முக்கியமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இந்தப் பழத்தைத் தொடவே கூடாது. ஆக்ஸாலிக் அமிலத்தோடு நரம்பைத் தாக்கும் இன்னொரு நச்சும் இதில் இருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளம் காட்டினார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும்; பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பட்டர் ஃப்ரூட் இலவங்கப்பட்டையின் குடும்பம். மரத்திலேயே விட்டால் இது கனியாது. பறித்துச் சில நாள் வைத்தால்தான் இளகும். ஆகவே கல்லாக இருக்கிற காயைக் குறைசொல்ல வேண்டாம். அரிசிப் பானையில் போட்டு வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டி.கே.டி-1 என்ற ரகத்தை வெளியிட்டிருக்கிறது. தோட்டத்தில் இந்த மரம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இதன் தழையை ஒடித்து ஆட்டுக்கோ மாட்டுக்கோ போடாதீர்கள். அதிலுள்ள பெர்சின் என்ற பொருள் மடிநோயையும் இதயப் பாதிப்பையும் உண்டாக்கும்.

இவையெல்லாம் வெளியூர்ச் சரக்கு, நமக்கு எதற்கு என்று ஒதுக்குகிறவர்கள் தங்கள் அடுக்களையையே ஒருமுறை பார்க்கலாம். அரிசிம்பருப்புக்குத் தாளிக்கும் வரமிளகாய், தக்காளி, கடலைக்காய், நாமக்கல்லிலும் சேலத்திலும் ஜவ்வரிசியாகும் மரவள்ளி, கூட்டுக்குப் போடும் மேரக்காய், வேலியோரத்துக் கொடுக்காப்புளி: அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. கொலம்பஸ் காலத்துக்கு முன்பு கொங்குநாட்டில் இவற்றில் எதுவும் இல்லை. யாரோ துணிந்து தின்றார்கள், யாரோ விதை போட்டார்கள், இன்று அவை நம்முடையவை.

எனவே புதுப் பழத்தைக் கண்டு ஒதுங்கவும் வேண்டாம்; சர்வரோக நிவாரணி என்று தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். தோட்டக்கலைத் துறைக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பழக்குவியலின் பக்கத்திலும் மூன்று வரியில் ஒரு பலகை வையுங்கள்: எந்தக் குடும்பம், எந்தப் பகுதியைத் தின்பது, யார் தவிர்க்க வேண்டும். நட்சத்திரப்பழத்துக்கு அந்த மூன்றாவது வரி ஓர் உயிரைக் காப்பாற்றும்.