வானத்திலிருந்து தெரியாத சந்தனம்

ஜவ்வாது மலையில், காட்டுக்கு நடுவே இருக்கிறது காவலூர். ஊர் வெளிச்சம் அதிகம் எட்டாத இருட்டைத் தேடி வந்து, 1960களின் கடைசியில் வானியலாளர்கள் இங்கே தொலைநோக்கிகளை நிறுவத் தொடங்கினார்கள். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பதை 1977-ல் கண்டறிந்தவர்களில் காவலூரில் இருந்தவர்களும் அடக்கம். இன்று வைணு பாப்பு வானாய்வகம் என்று அழைக்கப்படும் இந்த இடத்திலிருந்து மனிதக் கண் பல கோடி கிலோமீட்டர் மேலே பார்க்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பார்வை உண்டு. இந்திய வன அளவைத் துறை, டேராடூனிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாட்டின் காடுகளைச் செயற்கைக்கோள் படங்களில் அளந்து அறிக்கை வெளியிடுகிறது. 1987-ல் தொடங்கிய வேலை இது. 2024 டிசம்பரில் வெளியான அறிக்கை, நாட்டின் வனப்பரப்பும் மரப்பரப்பும் சேர்ந்து 25.17 சதவீதம் என்றது. காடு மட்டும் 7,15,343 சதுர கிலோமீட்டர். உலக மேடைகளில் இந்தியா தன்னைப் பசுமை நாடு என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த எண்கள்தான் முன்னால் நிற்கின்றன. ஆண்டுதோறும் காடு கூடும் நாடுகளின் பட்டியலில் இந்தியாவை மூன்றாவது இடத்தில் வைக்கிறது ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு. ஆனால் 2022-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் 180 நாடுகளில் இந்தியாவுக்கு 180-வது இடம். அந்தக் கணக்கு முறை தவறு என்று மத்திய அரசு மறுத்தது. மறுப்பில் நியாயமான பகுதிகளும் உண்டு. ஆனாலும் முதலிடத்துக்குப் பக்கத்திலும் கடைசி இடத்திலும் ஒரே நாடு எப்படி நிற்க முடியும்? எதை அளந்தார்கள் என்று பார்த்தால்தான் புரியும்.

செயற்கைக்கோள் மரத்தைப் பார்ப்பதில்லை, ஒளியைப் பார்க்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை இலை திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் அங்கே தழை அடர்த்தி என்று பொருள். படத்தின் ஒரு புள்ளி தரையில் 23.5 மீட்டர் நீளம், 23.5 மீட்டர் அகலம். அதாவது 550 சதுர மீட்டருக்கும் சற்று அதிகமான இடம் ஒரே புள்ளியாகிவிடுகிறது. ஜவ்வாது மலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மாசி, பங்குனியில் மேலே போனால் கிளைகள் மொட்டையாக நிற்கும், சருகு முழங்கால் வரை கிடக்கும். ஆகவே படங்களை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் எடுக்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வேண்டும், இலையும் இருக்க வேண்டும், மேகமும் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் இது சரியான முடிவுதான். ஆனால் மலையின் கோடைமுகம் அந்த அறிக்கையில் வருவதே இல்லை.

அடுத்தது, காடு என்பதற்கான இலக்கணம். ஒரு ஹெக்டேர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மரக்கிளைகள் மூடியிருந்தால் போதும், அது காடு. நிலம் யாருடையது, என்ன மரம் என்பதெல்லாம் கேள்வி இல்லை. தோப்பும் சேரும், தென்னந்தோப்பும் சேரும், மூங்கிலும் சேரும். உணவு, வேளாண் அமைப்பின் இலக்கணம்கூடப் பழத்தோட்டங்களைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஜவ்வாது மலை வீடுகளின் ஓரத்தில் நிற்கும் புளியமரத்தை எடுத்துக்கொள்வோம். வயதான மரத்தின் தழைக்குடை 12 மீட்டர் குறுக்களவு இருந்தால், அதன் நிழல் 113 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஒன்பது புளியமரங்கள் நின்றால் பத்து சதவீதம் தாண்டிவிடும். அந்த ஹெக்டேர் காடாகிவிடும். மாமரங்களைப் பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு 100 மரம். ஒவ்வொன்றும் எட்டு மீட்டர் அகலத்துக்கு விரிந்தால் பாதி நிலம் மூடப்பட்டுவிடும். கணக்குப்படி அது ‘நடுத்தர அடர்வனம்’. புளியும் மாவும் மலைக்காரர்களுக்குச் சோறு போடும் மரங்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. கரடி ஒதுங்குகிற, கடுக்காயும் வேங்கையும் தானே முளைக்கிற இடத்தையும் அந்தத் தோப்பையும் ஒரே சொல்லால் எழுதும்போது நாடு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.

இலக்கணமும் அளவுமுறையும் மாறினால் காடும் கூடிவிடும். 1999 அறிக்கையில் 6,37,293 சதுர கிலோமீட்டராக இருந்த வனப்பரப்பு, 2001 அறிக்கையில் 6,75,538 ஆனது. இரண்டே ஆண்டில் ஏறக்குறைய கேரளம் அளவுக்கு ஒரு காடு! எந்த மரமும் அவ்வளவு வேகத்தில் வளராது. கணினி மூலம் நுணுக்கமாகப் படம் படிக்கும் முறைக்கு அந்த ஆண்டு மாறினார்கள், அதனால் சிறுசிறு பசுமைத் திட்டுகளும் கணக்கில் வந்தன. அறிக்கையை வாசித்தவர்களுக்கு இது தெரியும். தலைப்புச் செய்தியை மட்டும் வாசித்தவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இப்போது சந்தனத்துக்கு வருகிறேன். ஜவ்வாது மலையின் பெயரைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கொண்டுபோன மரம் அது. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கு அமைந்ததே இந்த மலைக்காடுகளை நம்பித்தான். சந்தனம் தனியாக வாழத் தெரியாத மரம். இலையில் தானே உணவு சமைத்துக்கொள்ளும், ஆனால் நீருக்கும் தாதுக்களுக்கும் அக்கம்பக்கத்து மரங்களின் வேரைத் தன் வேரால் கவ்விக்கொள்ளும். அந்தப் பிடிப்பு உறுப்புகள் சிறு பொத்தான்கள் மாதிரி வேரோடு வேராக ஒட்டியிருக்கும். பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எச்சத்தில் போட்டால் புதர் நிழலில் கன்று எழும். வெட்டப்பட்ட மரத்தின் வேரிலிருந்தும் தளிர் கிளம்பும். மணம் தரும் வைரம் பாய வருடங்கள் பல ஆகும். மரத்திலேயே எண்ணெய் அதிகம் உள்ள பகுதி வேர்.

அழிவும் அந்த வேரிலிருந்துதான் வந்தது. கடத்தல்காரர்கள் மரத்தை அறுப்பதோடு நிற்கவில்லை, வேரையும் தோண்டினார்கள். வேர் போன குழியிலிருந்து எதுவும் துளிர்க்காது. சட்டமும் ஒருவகையில் உதவவில்லை. பட்டா நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசு சொத்து என்றிருந்த காலத்தில், வம்பு வேண்டாம் என்று கன்றைப் பிடுங்கிப் போட்டவர்கள் பலர். தமிழ்நாட்டில் 2002-ல்தான் இந்த விதி தளர்ந்தது. 1950களில் ஆண்டுக்குச் சுமார் 4,000 டன்னாக இருந்த இந்தியச் சந்தன வைர உற்பத்தி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் சில நூறு டன்னாகச் சுருங்கியது. உலக அளவில் ‘அழிவாய்ப்புள்ள’ இனங்களின் பட்டியலில் சந்தனம் இப்போது இருக்கிறது.

இந்த இழப்பு செயற்கைக்கோள் கணக்கில் எங்கே பதிந்திருக்கும்? எங்கும் பதிந்திருக்காது. காட்டில் வளரும் சந்தனம் பெரிய மரமல்ல. மூன்று மீட்டர் அகலக் குடை என்றால் ஏழு சதுர மீட்டர். படத்தின் ஒரு புள்ளியில் எண்பதில் ஒரு பங்கு. அதுவும் மற்ற மரங்களின் இடையே நிற்கும். அது போனபின் உன்னிச்செடி வந்து அந்த இடத்தை மூடினாலும், சுற்றியுள்ள மரங்களின் குடை அப்படியே இருக்கும்வரை வரைபடத்தில் நிறம் மாறாது. மலையின் மிக விலைமதிப்பான மரம் அநேகமாக முழுவதும் காணாமல் போன அதே காலத்தில், வரைபடத்தில் ஜவ்வாது மலை பச்சையாகவே இருந்தது.

மனிதர்கள் பட்ட பாடும் அந்தப் பச்சையில் தெரியாது. சாமையும் தேனும் புளியும் வருடம் முழுக்கக் குடும்பத்தைத் தாங்காதபோது, செம்மரத் தரகர்களின் முன்பணம் மலையாளிப் பழங்குடி ஊர்களுக்குள் வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். தன் காட்டில் வாழ வழி இருந்திருந்தால் எத்தனை பேர் ஆந்திரத்துக்கு வண்டி ஏறியிருப்பார்கள்?

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு. நல்ல இலக்கு. அதே ஆண்டில் அந்நியக் களைச்செடிகளை அகற்றி இயல்பான காட்டை மீட்க ஒரு கொள்கையும் வந்தது. எனக்கு இலக்கைவிட இந்தக் கொள்கையின் மீதுதான் நம்பிக்கை அதிகம். சதவீதத்தை எட்டுவதற்கு வேகமாக வளரும் மரங்களை வரிசையாக நட்டாலே போதும். ஆனால் செய்யாறும் நாகநதியும் பிறப்பது இந்த மலையில். சருகும் புல்லும் புதரும் வேரும் பல அடுக்காக இருக்கும் மண்தான் மழையைப் பிடித்து மெதுவாக விடும். ஒரே மரம் நட்ட வரிசைகளுக்கு அது கைவராது. வேலூர் மாவட்டத்தில் நாகநதியை மீட்க நூறு நாள் வேலைப் பெண்கள் மழைநீரை மண்ணுக்குள் அனுப்பும் கிணறுகளை அமைத்தார்கள். காடு தானாகச் செய்துவந்த வேலையை அவர்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று.

வன அளவைத் துறை களத்தில் மாதிரி இடங்களை அளக்கவும் செய்கிறது. அந்த முறையை ஒவ்வொரு மலைக்கும் விரித்து, மாவட்டவாரியாகத் தமிழில் வெளியிடலாம். ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜவ்வாதுமலை ஒன்றியத்தில் தொடங்கலாம். 2006 வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கவும் மீட்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, குறித்த ஒரு சரிவில் முழங்கால் உயரத்தைத் தாண்டிய சந்தனக் கன்று எத்தனை, கோடையில் எத்தனை ஏக்கர் எரிந்தது, நெல்லியும் கடுக்காயும் போன வருடம் எத்தனை மூட்டை இறங்கின. இவற்றை மலைக்காரர்கள் இப்போதே மனக்கணக்காக வைத்திருக்கிறார்கள். அதை எழுதி வைக்க ஒரு பதிவேடும், எழுதுபவர்களுக்குக் கூலியும், அடுத்த வன அறிக்கையில் அதற்கென்று ஒரு பக்கமும் வேண்டும்.