தெளிப்பதற்கு முன் துடைக்க வேண்டும்

ஏற்காடு மலையிலுள்ள வாழவந்தியில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தாலும், நிறைமாதக் கர்ப்பிணிக்கு வலி எடுத்தாலும் 108 ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுகிறார்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் பார்க்க முடியாத நிலை என்றால் வண்டி சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மருத்துவ உதவியாளர் ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்தபடி மறுகையால் நோயாளியைத் தாங்குகிறார். கூட வரும் உறவினர் ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பற்றிக்கொள்கிறார். கிருமி அடுத்த நோயாளியிடம் போவது பெரும்பாலும் இந்தக் கைகள் வழியாகத்தான்.

ஆனால் நம் கண் தரையைத்தான் பார்க்கிறது. தரை பளிச்சென்றிருந்தால் வண்டி சுத்தம் என்று நம்பிவிடுகிறோம். கவனிக்க வேண்டியவை வேறு: மேல்கம்பி, கதவின் கைப்பிடி, ஸ்ட்ரெச்சர் பெல்ட், பி.பி. பட்டை, விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர், கையுறையைக் கழற்றாமல் பைலட் (ஓட்டுநர்) தொட்ட ஸ்டியரிங். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உலர்ந்த பரப்பில் 7 மாதம்வரைகூட உயிரோடு இருக்கக்கூடும். அசினெட்டோபாக்டர் 5 மாதம்வரை. காலையில் சீழ்ப்புண்ணோடு ஏறியவர் விட்டுச்சென்றது, மாலையில் அதே வண்டியில் பிறக்கும் குழந்தையைத் தொட்டுவிடலாம்.

கொரோனா காலத்தில் மருந்து தெளிப்பது பெரிய நம்பிக்கையானது. கட்டடங்களுக்குள் பரப்புகள்மேல் மருந்தை வழக்கமாகத் தெளிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொன்னது. ரத்தம், வாந்தி, மண் படிந்த இடத்தில் கிருமிநாசினியிலுள்ள குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அடியில் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது. அதனால் முதலில் அழுக்கை எடுத்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைக்க வேண்டும். கிருமிநாசினி அதற்குப் பிறகுதான்.

நல்ல பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 30 சதவீதம். லிட்டருக்கு 30 கிராம் கலந்தால் சுமார் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். பூசியதும் துடைத்துவிடக் கூடாது, 10 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் திறந்து கிடக்கும் பவுடர் ஈரம் கோத்து வீரியம் இழக்கும். இறுக மூடி வைத்து, கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். ஆசிட்டோடு சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். குளோரின் உலோகத்தை அரிக்கும் என்பதால் மின்கருவிகளை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பதே நல்லது.

பலர் மறந்துபோவது ஆக்ஸிஜனை ஈரமாக்கும் பாட்டில். பழைய தண்ணீரில் சூடோமோனாஸ் பெருகும், அது நேராக நுரையீரலுக்குப் போகும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிருமி நீக்கிய தண்ணீரை ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக மாற்ற வேண்டும்.

குளிருக்காக எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம். காசநோயாளி இருமும்போது அடைத்த வண்டி ஆபத்து. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும், வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், இறக்கியதும் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும். காசநோயோ வயிற்றுப்போக்கோ இருந்தால், வீட்டார் அதை ஏறும்போதே மறைக்காமல் சொல்வது பேருதவி.

இவற்றையெல்லாம் ஊழியரின் பொறுப்பு என்று மட்டும் ஒதுக்குவது நியாயமில்லை. நோயாளியை இறக்கிய கையோடு அடுத்த அழைப்பு வந்தால் எப்போது துடைப்பார்கள்? வண்டி நிற்கும் இடத்தில் தண்ணீர்க்குழாயும் வடிகாலும் வேண்டும். துடைக்கும் நேரத்தைத் தாமதம் என்று குறிக்காமல் வேலைநேரமாகவே எழுத வேண்டும்.