குளிர்காலத்தில் காருக்கு ஏ.சி. எதுக்கு?



ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையில் அங்கே உறைபனி படிந்து புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் வண்டி எடுக்கிற டிரைவர்களுக்கு இரண்டு கவலை. ஒன்று குளிர். இன்னொன்று முன்கண்ணாடி மங்கிப் போவது. கல்லட்டி மலைப்பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கு. அங்கே கண்ணாடி மங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்! ஊட்டியில் டாக்ஸி ஓட்டும் என் மாமாவிடம் கேட்டதையும், அறிவியலில் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கண்ணாடி ஏன் மங்குகிறது?
நாம விடுற மூச்சில் நீராவி இருக்கு. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்க்குமே, அதே மாதிரி குளிர்ந்த கண்ணாடியில் அந்த நீராவி பட்டுத் துளியாகிறது. இதுதான் ஆவி சுருங்குதல்.

ஹீட்டருக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?
எஞ்சின் ஓடும்போது ரொம்பச் சூடாகும். அதைத் தணிக்க கூலன்ட் என்ற திரவம் அதற்குள் சுற்றி வருகிறது. சூடான கூலன்ட் டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்ன ரேடியேட்டருக்கும் வரும். அதன்மேல் ஃபேன் ஊதினால் வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். வீணாகப் போகிற சூடுதானே! அதனால் ஹீட்டருக்கென்று தனியாகப் பெட்ரோல் செலவு அநேகமாக இல்லை. ஆனால் எஞ்சின் சூடேறும் வரை குளிர்ந்த காற்றுதான் வரும். நின்ற இடத்திலேயே ரொம்ப நேரம் ஓட விட்டால் பெட்ரோல்தான் வீண். கண்ணாடி தெளிந்ததும் மெதுவாக ஓட்டினாலே சீக்கிரம் சூடாகிவிடும்.

அப்போ ஏ.சி. எதுக்கு?
சிரிக்காதீங்க! ஏ.சி. காற்றைக் குளிர வைப்பதோடு அதில் உள்ள ஈரத்தையும் எடுத்துவிடும். ஏ.சி. போட்ட காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக வடியுதே, அது அந்த ஈரம்தான். ஹீட்டரையும் ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் ஈரமில்லாத சூடான காற்று வந்து கண்ணாடி தெளியும். தெளிந்ததும் ஏ.சி.யை அணைத்துவிடலாம். ஏ.சி. கம்ப்ரசரை எஞ்சின்தான் சுற்றுகிறது. அதற்குப் பெட்ரோல் செலவாகும்.

நினைவில் வைக்க:
1. காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பணும்.
2. கார் படத்துக்குள் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அணைக்கணும். அது உள்காற்றையே திரும்பச் சுத்த விடும். ஈரம் வெளியே போகாது.
3. உறைபனி படிந்த கண்ணாடியில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது. விரிசல் விட்டுவிடும்.
4. மின்சாரக் காரில் எஞ்சின் சூடு கிடையாது. ஹீட்டர் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பதால், ஓடும் தூரம் குறையும்.

எல்லாத்தையும் விட முக்கியம்!
சவாரிக்கு வந்தவர்களுக்காகக் காத்திருந்து, ராத்திரி வண்டியிலேயே படுக்கும் டிரைவர்கள் நிறைய பேர். குளிருக்குப் பயந்து, எஞ்சினை ஓட விட்டு, கண்ணாடியை ஏத்திக்கிட்டுத் தூங்கவே கூடாது. மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடவும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிர் போய்விடும்.

உங்க வீட்டில் அப்பாவோ, அண்ணனோ, மாமாவோ டிரைவராக இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்: எஞ்சினை அணைச்சிட்டு, கண்ணாடியை ரெண்டு விரல் அளவு இறக்கிவிட்டு, நல்ல கம்பளியாகப் போர்த்திப் படுக்கணும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி