அமைச்சரிடம் எழுத்தில் கேளுங்கோ

பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்கிறார். பதிலைத் தேடி எடுக்க 850 பவுணுக்கு மேல் செலவாகும் என்று திணைக்களம் கணக்குப் போட்டால், அமைச்சர் பதில் சொல்லாமல் விடலாம். 'அளவுக்கு மிஞ்சிய செலவு' என்று ஒரு வரி வரும், விஷயம் அத்தோடு முடிந்தது. இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த, பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ள வரம்புதான். ஆகவே இந்த நாட்டில் அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைப்பதில் பாதி வேலை, கேள்வியை 850 பவுணுக்குள் அடங்கும்படி வெட்டுவது.

நான் ஒரு கவுன்சிலின் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். லண்டனின் வடமேற்கே எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் உள்ளே உயிரெழுத்து எழுதிக்கொண்டிருக்க, வெளியே வராந்தாவில் அவர்களுடைய பெற்றோரின் கடிதங்களை வாசித்துக் கொடுப்பேன். மண்ணிறக் கடிதவுறை என்றால் பெரும்பாலும் பெனிபிட். வெள்ளை என்றால் வைத்தியசாலை அல்லது கவுன்சில். வாசித்துக் கொடுப்பதில் தொடங்கிய வேலை, எங்கே எழுதிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பதில் வந்து நிற்கிறது.

எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "அண்ணை, நான் இன்னும் சிற்றிசன் எடுக்கேல்லை. எனக்கு எம்.பி. பதில் சொல்லுவாரோ?" சொல்லுவார். வோட்டு இருக்கிறதோ இல்லையோ, தொகுதியில் குடியிருக்கிற எல்லோருக்கும் அவர்தான் எம்.பி. 2024 ஜூலையில் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்றபோது, எங்கள் பக்கத்துச் சனம் பலர் தங்கள் பிரச்சினையை அவருக்கு எழுதப் பார்த்தார்கள். எங்கட பிள்ளைதானே என்ற உரிமை. ஆனால் பாராளுமன்ற வழக்கப்படி ஒரு எம்.பி. தன் தொகுதிக்காரரின் வேலையைத்தான் எடுப்பார். உங்கள் தபால் குறியீட்டுக்கு யார் எம்.பி.யோ அவருக்கே எழுத வேண்டும். அவர் அமைச்சருக்குக் கடிதம் அனுப்பலாம், அல்லது எழுத்துமூலக் கேள்வியாகப் போடலாம். அப்படிப் போட்ட கேள்விக்கு ஒரு வாரமளவில் பதில் வரவேண்டும் என்பது வழக்கம். அந்தப் பதில் எவரும் வாசிக்கும்படி பதிவில் ஏறும்.

வராந்தாவுக்கு அதிகம் வருவது வைத்தியசாலைக் கடிதங்கள். இங்கிலாந்தில் ஜி.பி. ஒருவரை நிபுணரிடம் அனுப்பினால், அந்தக் கடிதம் வைத்தியசாலைக்குக் கிடைத்த நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கவேண்டும். நூற்றுக்கு 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்பது இலக்கு. 2016-க்குப் பிறகு ஒரு மாதமேனும் இந்த இலக்கு எட்டப்படவில்லை. கோவிட்டுக்கு முன், 2020 பெப்ரவரியில், காத்திருப்புப் பட்டியலில் சுமார் 46 இலட்சம் பதிவுகள் இருந்தன. 2023 செப்டம்பரில் அது ஏறத்தாழ 77 இலட்சத்து 70 ஆயிரமாக உச்சம் தொட்டது. அதே ஆண்டு ஜனவரியில்தான் பிரதமர் ரிஷி சுனக் பட்டியலைக் குறைப்பேன் என்று நாட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், அந்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இப்போதைய தொழிற்கட்சி அரசாங்கம் 2029 மார்ச்சுக்குள் 92 வீதத்துக்குத் திரும்புவோம் என்று சொல்லியிருக்கிறது.

இந்த எண்களைக் கணக்காளன் கண்ணோடு பார்த்தால் சில விஷயங்கள் தெரியும். பட்டியலில் இருப்பது ஆட்கள் அல்ல, சிகிச்சைகள். முழங்காலுக்கு ஒரு பதிவு, கண்ணுக்கு ஒரு பதிவு என்று ஒரே மாமி இரண்டு முறை இருப்பார். ஆகவே உண்மையில் காத்திருக்கும் ஆட்கள் பட்டியலின் எண்ணைவிடக் குறைவு. அரசாங்கத்துக்குச் சாதகமான விஷயம் இது ஒன்றுதான். மற்றப் பக்கம், முதல் சிகிச்சை முடிந்து மறுபடி பார்க்க வரச்சொன்ன ஆட்களின் காத்திருப்பு இந்தப் பட்டியலில் சேராது. ஜி.பி.யைப் பிடிப்பதற்கே காத்திருக்கிற காலமும் சேராது. பட்டியல் குறைந்தது என்று செய்தி வரும்போது, ஒப்பரேஷன் செய்து குறைந்ததா, பெயரை வெட்டிக் குறைந்ததா என்று கேட்கவேண்டும். வைத்தியசாலைகள் பட்டியலைச் சரிபார்க்கிறோம் என்று குறுஞ்செய்தி அனுப்பும். இன்னும் சிகிச்சை தேவையா, பதில் அனுப்புங்கள் என்று இருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்றின் அம்மம்மாவுக்கு அப்படி ஒரு செய்தி, மகன் எப்போதோ பாவித்து விட்டுவிட்ட கைத்தொலைபேசி எண்ணுக்குப் போயிருக்கிறது. பதில் இல்லை. முழங்கால் பதிவு போய்விட்டது. "தம்பி, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே, என்னை ஆர் வெட்டினது?" என்று அவர் கேட்டார். அமைச்சரிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வியை என்னால் எழுத முடியாது.

இதோடு ஒரு பிரயோசனமான விஷயம்: 18 வாரம் தாண்டிவிட்டால் வேறு வைத்தியசாலையைத் தேடித் தரும்படி கேட்கிற உரிமை நோயாளிக்கு இருக்கிறது. கடிதத்தில் அதைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

இலக்குத் தவறினால் யார் பதில் சொல்வது? சுகாதார அமைச்சர் என்.எச்.எஸ். இங்கிலாந்து அமைப்பைக் காட்டுவார், அது வைத்தியசாலையைக் காட்டும், வைத்தியசாலை ஆளணி இல்லை என்று மறுபடி அமைச்சரைக் காட்டும். 2025 மார்ச்சில் பிரதமர் கீர் ஸ்டார்மர் அந்த நடு அமைப்பையே கலைப்பதாக அறிவித்தார். கலைத்து முடிந்தால், பழியைத் தள்ளிவிட ஒரு மேசை குறையும். அந்த அளவில் எனக்குச் சந்தோஷம்.

வீட்டு வாடகை உதவியில் நடப்பது வேறு மாதிரி. அங்கே தவறுவதற்கு இலக்கே இல்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் வருமானம் குறைந்த குடும்பத்துக்கு அரசாங்கம் எவ்வளவு வாடகை தரும் என்பதற்குப் பகுதிவாரியாக ஒரு உச்ச எல்லை உண்டு. அந்தப் பகுதியில் இரண்டு அறை வீடுகளின் வாடகைகளை மலிவானதிலிருந்து விலையானது வரை நூறாக அடுக்கினால், முப்பதாவதாக நிற்கும் வாடகைதான் இரண்டு அறை வீட்டுக்கான எல்லை. 2011-க்கு முன் அது ஐம்பதாவதாக, சரி நடுவில் இருந்தது. முப்பதுக்கு இறக்கியதைப் பற்றிப் பாராளுமன்றத்தில் சண்டை நடந்தது, பத்திரிகைகளில் வந்தது. அதற்குப் பின் நடந்தது பலருக்குத் தெரியாது. 2016 முதல் நான்கு ஆண்டு அந்தத் தொகையை அப்படியே முடக்கினார்கள். 2020-இல் ஒருமுறை உயர்த்தி மீண்டும் முடக்கினார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்தினார்கள், 2025 ஏப்ரலில் மறுபடி முடக்கம். வீட்டுக்காரர் வாடகையை முடக்குவதில்லை என்பதை லண்டனில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெட்டினால் அது செய்தி. முடக்கினால் யாரும் எதையும் செய்ததாகத் தெரியாது. ஆனால் மாதக் கடைசியில் சமையற்கட்டில் அரிசி வாங்குகிற காசிலிருந்து வாடகைக்குப் போகிற தொகை கூடிக்கொண்டே போகும்.

இதைக் கேள்வியாகப் போட்டால், தொகைகள் ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகின்றன என்ற மாதிரிப் பதில் வரும். பொய் அல்ல. மீளாய்வு செய்து, முடக்குவது என்று முடிவு செய்கிறார்கள். ஆகவே உயர்த்துவீர்களா என்று கேட்பதில் பயன் இல்லை. இந்த எல்லைக்குள் வாடகைக்குக் கிடைக்கிற வீடுகள் இன்ன பகுதியில் நூற்றுக்கு எத்தனை என்று கேட்கவேண்டும். முப்பது என்ற கணக்கு உண்மையில் எத்தனைக்கு இறங்கியிருக்கிறது என்பது அந்தப் பதிலில்தான் வெளிவரும்.

வீடு இழந்த குடும்பத்தைக் கவுன்சில் தற்காலிக இருப்பிடத்தில் வைக்கவேண்டும், அது சட்டம். இங்கிலாந்தில் 2025-இல் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அப்படி இருந்தன. அதற்காக மத்திய அரசாங்கம் கவுன்சிலுக்குத் திருப்பிக் கொடுக்கும் தொகைக்கு வைத்திருக்கும் எல்லை, 2011 ஜனவரியில் இருந்த வாடகை உதவி எல்லையில் 90 வீதம். 2025-இலும் அதே 2011 கணக்குத்தான். மிச்சம் கவுன்சிலின் தலையில். கவுன்சில் அதை நூலகத்திலிருந்தோ முதியோர் பராமரிப்பிலிருந்தோ எடுக்கும். நான் அந்தப் பக்கத்து மேசையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், இந்த ஒரு வரி எத்தனை பட்ஜெட்களைத் தின்றது என்று கவுன்சில்காரருக்குத் தெரியும், வோட்டுப் போடுகிறவருக்குத் தெரியாது. வாடகை உதவியைக் கொடுப்பது ஒரு அமைச்சு, வீடற்றோருக்குப் பொறுப்பு இன்னொரு அமைச்சு. இரண்டையும் ஒரே கேள்வியில் கேட்டால் ஒவ்வொன்றும் மற்றதன் பக்கம் தள்ளிவிடும். இரண்டு கேள்வியாகப் போடுங்கோ.

பொலிஸைப் பற்றி எங்கள் வராந்தாவில் யாரும் கேட்பதில்லை. பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திய ஊரிலிருந்து வந்த தலைமுறை. பிள்ளை டொக்டராகலாம், எக்கவுண்டன்ட் ஆகலாம். பொலிஸ் யூனிபோர்மோடு வாசலில் வந்து நின்றால் தாய்க்கு நெஞ்சு பதறும். அதனால் பொலிஸில் சிறுபான்மையினர் எத்தனை பேர் என்ற கணக்கை நானாகத்தான் தோண்டினேன்.

1993 ஏப்ரல் 22-ஆம் தேதி இரவு, தென்கிழக்கு லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்த 18 வயதுக் கறுப்பின மாணவன் ஸ்டீபன் லோரன்ஸை வெள்ளை இளைஞர் கூட்டம் குத்திக் கொன்றது. பொலிஸ் விசாரணை குளறுபடியானது. அதை ஆராய்ந்து 1999 பெப்ரவரியில் வந்த மக்ஃபர்சன் அறிக்கை, மெட்ரொபொலிட்டன் பொலிஸ் அமைப்பிலேயே இனவாதம் ஊறியிருக்கிறது என்றது. உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரோ பத்து ஆண்டு இலக்கு வைத்தார்: 2009-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் பொலிஸில் சிறுபான்மை இனத்தவர் 7 வீதமாக வேண்டும். கெடு வந்தபோது 4 வீதத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தேசிய இலக்கு சத்தமில்லாமல் கைவிடப்பட்டது. 2024 மார்ச்சில் அதிகாரிகளில் சிறுபான்மையினர் 8.4 வீதம். 2021 சனத்தொகைக் கணக்கில் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் அவர்கள் 18.3 வீதம். இடையில் 2019-க்கும் 2023-க்கும் நடுவே 20 ஆயிரத்துக்கும் மேல் புதிய பொலிஸாரைச் சேர்த்தார்கள். அவ்வளவு பெரிய ஆட்சேர்ப்பு இனி எப்போது வருமோ தெரியாது.

அதே 1999-இல் வட அயர்லாந்திலும் ஒரு அறிக்கை வந்தது. கிறிஸ் பட்டன் தலைமையிலான குழு எழுதியது. மக்கள் தொகையில் பாதியை நெருங்கும் கத்தோலிக்கர், பொலிஸில் சுமார் 8 வீதம் மட்டுமே இருந்தார்கள். பட்டன் நல்ல எண்ணத்தை நம்பவில்லை. தகுதி பெற்றவர்களில் ஒரு கத்தோலிக்கருக்கு ஒரு மற்றவர் என்று சரிபாதியாகச் சேர்க்கச் சொன்னார். அதைச் சட்டமாக்கினார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் தனி விலக்குப் பெற்றார்கள். தகுதியிருந்தும் இடம் கிடைக்காத புரட்டஸ்தாந்து இளைஞர்களின் கோபத்தையும் தாங்கினார்கள். 2001-இல் தொடங்கி 2011-இல் முடிந்தபோது கத்தோலிக்கர் ஏறத்தாழ 30 வீதம். சேர்ந்தவர்கள் சும்மா சேரவில்லை. 2011 ஏப்ரலில் ஓமாவில் காருக்கடியில் குண்டு வைத்துக் கொல்லப்பட்ட 25 வயதுக் கான்ஸ்டபிள் ரோனன் கெர் கத்தோலிக்கர். சரிபாதி விதி போனபின் அந்த வீதம் மூன்றிலொரு பங்கை ஒட்டியே நிற்கிறது.

இங்கிலாந்தில் அப்படி ஒதுக்கீடு வைக்கச் சட்டம் இடம் தராது. இருவர் சமதகுதியாக இருந்தால் மட்டும் சிறுபான்மையினரைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது 2010 சமத்துவச் சட்டம். வட அயர்லாந்தின் வழிதான் சரி என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். அங்கே தகுதியிருந்தும் இடம் கிடைக்காதவர்களின் நியாயத்தையும் மறுக்க முடியாது. ஆனால் ஒரே ஆண்டில் கொடுக்கப்பட்ட இரண்டு வாக்குகளில், எதற்குச் சட்டமும் நாளும் ஆளும் இருந்ததோ அதுதான் நகர்ந்தது.

இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த பெண் ஒருத்தி மெட் பொலிஸில் சேர விண்ணப்பித்திருக்கிறாள். தகப்பன் என்னிடம் வந்தார். "சேர விடுவினம் அண்ணை. சேர்ந்தாப் பிறகு வைச்சிருப்பினமோ?" அவர் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. மெட் பொலிஸைப் பற்றிய லூயிஸ் கேசியின் 2022 இடைக்கால அறிக்கை, வெள்ளையரைவிட ஆசியப் பின்னணியினர் ஒழுக்காற்று விசாரணையில் சிக்கும் சாத்தியம் 55 வீதம் அதிகம், கறுப்பினத்தவருக்கு 81 வீதம் அதிகம் என்று கண்டது.

அவருக்கு எழுதிக் கொடுத்த கேள்வி இது: கடந்த ஐந்து ஆண்டில் மெட்டில் சேர்ந்த ஆசியப் பின்னணி அதிகாரிகளில், முதல் இரண்டு ஆண்டுக்குள் விலகியவர்கள் எத்தனை பேர்? அதே காலத்தில் சேர்ந்த வெள்ளை அதிகாரிகளில் எத்தனை பேர்? ஒரே படை, ஒரே காலம், இரண்டு எண்கள். லண்டன் பொலிஸுக்கு உள்துறை அமைச்சரும் மேயரும் பொறுப்பு என்பதால், ஒரு பிரதி எம்.பி.க்கு. மேயரைக் கேள்வி கேட்பது லண்டன் அசெம்பிளியின் 25 உறுப்பினர்களின் வேலை, ஆகவே இன்னொரு பிரதி எங்கள் பகுதி உறுப்பினருக்கு.