'ட்றை' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிற் கற்கும் அடைமொழிகளுள் 'ட்றை' என்பதும் ஒன்று. 'உலர்ந்த' என அகராதி பொருள் கூறும். கொடியிற் காய்ந்த துணிக்கும் வெயிலில் உலர்ந்த விறகிற்கும் அப்பொருள் நன்கு பொருந்தும். ஆயின், ஓர் எழுத்தாளரின் நகைச்சுவையை 'ட்றை' என்று ஆங்கிலேயர் பாராட்டும்போது, அதனை 'வறட்டு நகைச்சுவை' என அம்மாணவன் மொழிபெயர்த்துவிடுகிறான். புகழுரை இகழுரையாகி விடுகிறது.

இப்பிழையைத் தவிர்க்க வழியுண்டு. இச்சொல் ஒன்று இல்லாமையைக் குறிப்பது; இல்லாதது யாது என்பதை அடுத்து நிற்கும் பெயர்ச்சொல்லே உணர்த்தும். பசுவுக்கு இவ்வடைமொழி வந்தால், அதன் பால் வற்றிவிட்டது என்பது பொருள். இருமலுக்கு வந்தால் சளி இல்லை; ரொட்டிக்கு வந்தால் வெண்ணெய் பூசப்படவில்லை. திராட்சை மதுவுக்கும் இச்சொல் வழங்குவது விந்தையாகத் தோன்றலாம். நீர்ப்பொருள் எவ்வாறு உலர்ந்ததாகும்? பழச்சாற்றிலுள்ள சர்க்கரை நொதித்து மதுசாரமாக மாறியபின் இனிப்பு எஞ்சாமையையே அது குறிக்கிறது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நிலவியபோது நாடே 'ட்றை' எனப்பட்டது. அங்கே இல்லாதது மது.

இலங்கையின் உலர் வலயமும் இதற்குச் சான்று. அவ்வலயத்தைச் சேர்ந்த யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் இலண்டனிற் பெய்வதினும் மிகுதியாக மழை பெய்கிறது. எனினும், தென்மேற்கின் ஈர வலயத்தோடு ஒப்பிடுகையில் அது உலர்ந்த நிலமே.

இனி, நகைச்சுவைக்கு வருவோம். சிலர் முகத்திற் புன்னகையின்றி, குரலில் ஏற்றத்தாழ்வின்றி, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட்டு அப்பாற் செல்வர். கேட்போர் சற்றுப் பிந்தியே சிரிப்பர். இங்கே இல்லாதது சுவையன்று, உணர்ச்சியின் வெளிக்காட்டலே. ஆயினும் நூலையோ சொற்பொழிவையோ அவ்வாறு கூறினால் இல்லாதது சுவையே, அது பழிப்புரை. மார்கிரட் தட்சர் பிரித்தானியாவின் பிரதமராக இருந்த 1979 முதல் 1990 வரையான காலத்தில், அவருடைய கடும் பொருளாதாரக் கொள்கையை ஆதரித்த கட்சியினர் 'ட்றை' எனவும், அதற்குத் தயங்கியோர் 'ஈரமானோர்' எனவும் அழைக்கப்பட்டனர். ஆங்கிலப் பேச்சுவழக்கில் ஈரம் மனவுறுதியின்மையைச் சுட்டும்.

தமிழிலோ ஈரம் என்பது அருள். 'நெஞ்சில் ஈரமில்லாதவன்' என்பதினும் கடிய வசை வேறில்லை. ஒரு மொழிக்குப் பலவீனமாகத் தோன்றுவது மற்றொரு மொழிக்குப் பண்பாக விளங்குகிறது. ஆதலின், நேர்ப்பொருளை அகராதியிற் பெறலாம். குறிப்புப் பொருளை அம்மொழி பேசுவோரின் வாழ்க்கையிலேயே தேடல் வேண்டும். அடைமொழியைக் கண்டதும் பொருளெழுத விரையாது, 'இங்கே இல்லாதது யாது?' என்று ஒருகணம் வினவும் மாணவன் தவறமாட்டான்.